நிறம் தெரிகிறது, தகைவு எங்கே? பாலிமர்களில் எச்சத் தகைவை ஒளியால் அளக்கும்போது வரும் சிக்கல்களும் தீர்வுகளும்

தெளிவான பிளாஸ்டிக் பாகம் ஒன்றைக் குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே நுழைத்தால் வானவில் பட்டைகள் எழும். பார்ப்பவர் வாயிலிருந்து முதலில் வருவது "இவ்வளவு தகைவா!" என்ற வியப்புதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஓர் அக்ரிலிக் தகட்டின் அழகான வண்ணங்களை அரை நாள் படம் எடுத்து, எண்களைக் கணக்கிட்டு, அறிக்கையும் எழுதிவிட்டேன். மாலையில் தகட்டின் மூலையில் ஏதோ சுருண்டு நிற்பதைக் கண்டு இழுத்தபோது, மேலே ஒட்டியிருந்த கண்ணாடி போன்ற பாதுகாப்புப் படலம் உரிந்து வந்தது. வண்ணங்கள் அதனுடனேயே போய்விட்டன.

அந்த மாலைக்குப் பிறகு எந்த வண்ணத்தைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி "இது யாருடையது?" என்பதாகிவிட்டது. கீழே உள்ள அறிகுறிகள் எல்லாவற்றையும் அந்தக் கேள்வியோடுதான் அணுகியிருக்கிறேன்.

முதலில், கருவி உண்மையில் எதை அளக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெளியே பாரம் எதுவும் இல்லாதபோதும் பாகத்துக்குள் தங்கிவிட்ட உள்விசையைத்தான் எச்சத் தகைவு என்கிறோம். தகைவுக்கு உள்ளான ஒளிபுகு திடப்பொருளில் ஒளி இரண்டு கூறுகளாகப் பிரிந்து, ஒன்று மற்றொன்றைவிடச் சற்றுத் தாமதமாக வெளிவருகிறது. இப்படிப் பிரிவதற்கு இரட்டை ஒளிவிலகல், சுருக்கமாக இரட்டை விலகல், என்று பெயர். டேவிட் ப்ரூஸ்டர் 1816-இல் கண்ணாடியை அழுத்தி விவரித்தது இதைத்தான். அந்தத் தாமதத்தைப் பின்னடைவு என்று அழைப்போம், நானோமீட்டரில் அளக்கப்படும். பின்னடைவு என்பது தகைவு ஒளியியல் மாறிலி, தடிமன், இரண்டு முதன்மைத் தகைவுகளின் (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் உள்ள மிகப் பெரிய, மிகச் சிறிய தகைவுகளின்) வேறுபாடு ஆகிய மூன்றின் பெருக்கல். மாறிலியின் அலகுக்கு ப்ரூஸ்டரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1 ப்ரூஸ்டர் மாறிலி கொண்ட பொருளில், 1 மில்லிமீட்டர் தடிமனில், 1 மெகாபாஸ்கல் வேறுபாடு 1 நானோமீட்டர் பின்னடைவைத் தரும். மனக்கணக்குக்கு இதைவிட வசதியான அலகு கிடையாது.

மூன்று விஷயங்கள் இதற்குள் ஒளிந்திருக்கின்றன. கருவிக்குத் தெரிவது தகைவு அல்ல, தகைவுகளின் வேறுபாடு. அதுவும் ஒரு புள்ளியில் உள்ளது அல்ல, ஒளி கடந்த பாதை முழுவதன் கூட்டுத்தொகை. மூன்றாவதுதான் பாலிமரில் பெரிய தலைவலி: இரட்டை ஒளிவிலகலைத் தரும் எதுவும் அந்தத் தொகைக்குள் சேர்ந்துவிடும், தகைவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பாகத்தை வைக்கும் முன்பே புலம் கருப்பாக இல்லை

இங்கே பிழை இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம். விளக்கின் பக்கமுள்ள போலராய்டு தகடு ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் தளவிளைவாக்கி; கண்ணின் பக்கமுள்ளது ஆய்வி. பாகம் இல்லாதபோது இரண்டின் வழியே தெரியும் வெற்றுப் புலம் கருப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வித் தகட்டை மெதுவாகத் திருப்பி மிகக் கருமையான இடத்தைத் தேடுங்கள். எங்கே திருப்பினாலும் மங்கலான ஊதா ஒளி கசிந்தால் போலராய்டு தகடு தரமற்றது, அல்லது விளக்கின் சூட்டில் வாடிவிட்டது. படல வகைப் போலராய்டுகள் வெப்பத்தையும் ஈரத்தையும் நெடுநாள் தாங்காது.

புலத்தின் நடுவில் மங்கிய சிலுவை போன்ற உருவம் தெரிந்தால், தளவிளைவாக்கிக்கும் ஆய்விக்கும் நடுவே இறுக்கமாக மாட்டப்பட்ட லென்ஸோ சாளரமோ இருக்கிறது. அதை வெளியே மாற்றுங்கள், அல்லது அதன் வளையத்தைத் தளர்த்துங்கள். பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் தயங்காமல் கழற்றி எறியலாம்.

பாகம் வைத்த பிறகு சந்தேகம் வந்தால் பாகத்தைச் சற்று நகர்த்துங்கள். அதனுடன் நகர்வது பாகத்துடையது. அசையாமல் நிற்பது கருவியுடையது.

கணினித் திரையை விளக்காகப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல்: திரவப் படிகத் திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றது. முன்னால் இன்னொரு தளவிளைவாக்கியை வேறு கோணத்தில் வைத்தால் ஒளி குறையும், பயன் எதுவும் இல்லை. திரையையே தளவிளைவாக்கியாகக் கொள்ளுங்கள்.

தகடு முழுவதும் ஒரே சீரான வண்ணம். எங்கே தொட்டாலும் மாறவில்லை

பாதுகாப்புப் படலம். மேலே சொன்ன கதைதான். இருபுறமும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இழுத்து நீட்டித் தயாரிக்கப்படும் பெட் (PET) பிளாஸ்டிக் போன்ற படலங்களில் மூலக்கூறுகள் வரிசைப்பட்டிருப்பதால் இரட்டை விலகல் மிக அதிகம்; மெல்லியதுதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

கரும்பட்டைகள் தெரிகின்றன, பாகத்தைத் திருப்பினால் அவை நகர்கின்றன

இவை தகைவின் அளவைச் சொல்லும் பட்டைகள் அல்ல, திசையைச் சொல்பவை. முதன்மைத் தகைவின் திசை தளவிளைவாக்கியின் அச்சோடு ஒன்றும் இடமெல்லாம் கருப்பாகும். தகைவு சுழி என்று இவற்றைத் தவறாகப் படித்து, பாகத்தின் மிக மோசமான இடத்தைப் பாதுகாப்பானது என்று குறித்துக்கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒளியின் ஒரு கூறைக் கால் அலைநீளம் தாமதப்படுத்தும் கால் அலைத் தகடுகள் இரண்டைப் பாகத்தின் இருபுறமும் செருகி வட்டத் தளவிளைவு அமைப்புக்கு மாறினால் இவை மறைந்து, அளவுப் பட்டைகள் மட்டும் நிற்கும். கால் அலைத் தகடுகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காக வையுங்கள். விளக்கின் அலைநீளம் தகடுகளின் வடிவமைப்பு அலைநீளத்திலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் அப்போது பிழை பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பாகம் கருப்பு அல்லது வெறும் சாம்பல். ஆனால் பயன்பாட்டில் விரிசல் விடுகிறது

இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே அறிகுறி இது. பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பொருளின் மாறிலி சிறியது. பாலிகார்பனேட்டின் மாறிலி ஏறக்குறைய 78 ப்ரூஸ்டர். அக்ரிலிக்குடையது 4-ஐ ஒட்டியது, அதுவும் எதிர்க்குறியோடு. 3 மில்லிமீட்டர் தடிமனில் 100 நானோமீட்டர் பின்னடைவு கண்ணுக்கு மங்கலான சாம்பல்தான். பாலிகார்பனேட்டில் அந்தச் சாம்பலுக்குப் பொருள் சுமார் 0.43 மெகாபாஸ்கல், யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அக்ரிலிக்கில் அதே சாம்பல் 8 மெகாபாஸ்கலுக்கு மேல். அந்த அளவு இழுவிசைத் தகைவோடு நிற்கும் அக்ரிலிக்கின் மேல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் நுண்விரிசல்கள் வலைபோலக் கிளம்ப வாய்ப்புண்டு. ஆகவே "வண்ணம் வந்தால் நிராகரி, சாம்பல் என்றால் ஏற்றுக்கொள்" என்று எல்லாப் பொருள்களுக்கும் ஒரே விதியை மேசையில் ஒட்டிவைத்திருப்பவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம்.

சாம்பல் நிறங்களுக்குள் வேறுபாடு காணக் கண்ணை நம்பாதீர்கள். ஒரு முழு அலை நிறத் தகட்டைச் செருகினால் பின்னணி செவ்வூதாவாக மாறும். சில பத்து நானோமீட்டர் பின்னடைவுகூட அதை ஒருபுறம் நீலத்துக்கோ மறுபுறம் மஞ்சளுக்கோ தள்ளிவிடும். எண் வேண்டுமென்றால் செனார்மான் முறை: பாகத்துக்குப் பின்னால் ஒரு கால் அலைத் தகட்டை வைத்து, அந்தப் புள்ளி இருளும்வரை ஆய்வியைச் சுழற்றிக் கோணத்தைப் படிப்பது. 546 நானோமீட்டர் பச்சை ஒளியில் ஆய்வியின் 1 டிகிரிச் சுழற்சி ஏறக்குறைய 3 நானோமீட்டர் பின்னடைவுக்குச் சமம்.

இரண்டாவது நோய் இன்னும் தந்திரமானது. சூடான தகட்டை இருபுறமும் ஒரே சீராக விரைந்து குளிர்வித்தால் மேற்பரப்புகளில் அமுக்கமும் நடுவில் இழுவையும் உறைந்துவிடும். தகட்டின் முகத்துக்கு நேராகப் பார்க்கும்போது, ஒவ்வோர் ஆழத்திலும் நீளவாக்குத் தகைவும் அகலவாக்குத் தகைவும் சமம். வேறுபாடு சுழி. போதாததற்கு, தடிமன் முழுவதும் கூட்டினால் அமுக்கமும் இழுவையும் ஈடாகிவிடும். உள்ளே பத்து மெகாபாஸ்கல் உறைந்திருந்தாலும் புலம் கரிக்கட்டைபோல் இருக்கும். விளிம்பை ஒட்டி மட்டும் தடிமன் அளவுக்கு ஓர் ஒளிக்கோடு ஓடும். அந்தக் கோட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

தகட்டைச் சாய்த்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். பலரும் இந்த இடத்தில் இடறுகிறார்கள். சாய்த்தாலும் அந்தக் கூட்டுத்தொகை சுழிதான், ஏனெனில் ஆழம்தோறும் உள்ள தகைவின் மொத்தம் ஈடாகிவிடுகிறது. சாய்க்கும்போது வண்ணம் எழுந்தால் அது வேறொரு செய்தி: தளத்துக்குள் எல்லாத் திசையிலும் மூலக்கூறுகள் படுத்துக் கிடக்கின்றன. வார்ப்பு அச்சில் பரவி உறைந்த பாலிகார்பனேட் வட்டுகளில் இது வழக்கம். சாய்த்துப் பார்ப்பது இந்த இரண்டையும் பிரித்துக்காட்டும் எளிய சோதனை. ஒரே ஒரு எச்சரிக்கை: வெளியே 45 டிகிரி சாய்த்தால் பாலிகார்பனேட்டுக்குள் ஒளி செல்லும் கோணம் 26.5 டிகிரிதான். கணக்கில் 45 என்று போட்டுவிடாதீர்கள்.

சரி, உறைந்த வெப்பத் தகைவை எப்படித்தான் பார்ப்பது? பாகத்தை வெட்டக் கூடாது என்றால் விளிம்பு வழியாகப் பாருங்கள். ஒளி தளத்துக்கு இணையாகச் செல்லும்போது ஆழம் ஆழமாகப் பட்டைகள் பிரிந்து தெரியும். விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும், பாதையும் குறுகியதாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் பாதையில் ஒரு மெகாபாஸ்கல் பாலிகார்பனேட்டில் ஏறக்குறைய 3900 நானோமீட்டர் ஆகிவிடும், பட்டைகள் நெருங்கி எண்ண முடியாமல் போகும். பாதை நீளமாக இருந்தால் சிதறல் ஒளி முறை உதவும்: மெல்லிய லேசர்க் கதிரை உள்ளே செலுத்தி, பக்கவாட்டில் சிதறும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பாதை நெடுகப் படிக்க வேண்டும். அதே தொகுதியிலிருந்து பலி கொடுக்க ஓர் உடன்பிறப்புப் பாகம் கிடைத்தால் மெல்லிய சீவல் வெட்டிப் பாருங்கள். ஆனால் சீவலில் குறுக்குத் தகைவு விடுபட்டுப்போவதால் எஞ்சுவது முழுத் தகடு தாங்கிய தகைவில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். பாய்சான் விகிதத்தை (இழுக்கும்போது பொருள் பக்கவாட்டில் எவ்வளவு ஒடுங்குகிறது என்ற எண்ணை) ஒன்றிலிருந்து கழித்தால் கிடைக்கும் பங்கு அது. அதைத் திருத்தாமல் அறிக்கை எழுதினால் பாகத்தின் மேல் இல்லாத நற்பெயரைச் சுமத்துகிறீர்கள்.

கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். ஆனால் வெட்டினாலும் சூடேற்றினாலும் அப்படியே நிற்கின்றன

பாலிமருக்கே உரிய நோய் இதுதான். கண்ணாடியில் பழகி வந்தவர்கள் இதைக் கண்டு திகைப்பார்கள்.

உருகிய பாலிமர் அச்சுக்குள் பாயும்போது அதன் நீண்ட சங்கிலிகள் ஓட்டத்தின் திசையில் இழுபடுகின்றன. குளிர்ந்த சுவரைத் தொட்டதும் அந்த நிலையிலேயே உறைகின்றன. அதற்குப் பின் தகைவு முழுவதும் போய்விட்டாலும் வரிசைப்பட்ட சங்கிலிகள் இரட்டை விலகலைத் தந்துகொண்டே இருக்கும். இதைத் திசையமைவு என்கிறோம்.

எவ்வளவு பெரியது இது? பாலிஸ்டைரீனை எடுத்துக்கொள்ளுங்கள். திட நிலையில் அதன் மாறிலி 10 ப்ரூஸ்டருக்கு அருகில், நேர்க்குறி. உருகிய நிலையில் ஏறக்குறைய 5000, எதிர்க்குறி. ஓட்டத்தின்போது 0.05 மெகாபாஸ்கல் என்ற அற்பமான தகைவு உறைந்தாலே மில்லிமீட்டருக்கு 250 நானோமீட்டர் பின்னடைவு. அதே இடத்தில் 5 மெகாபாஸ்கல் உண்மையான எச்சத் தகைவு தருவது மில்லிமீட்டருக்கு 50 மட்டும். நூறில் ஒரு பங்கு தகைவின் நினைவு, நிஜத் தகைவைவிட ஐந்து மடங்கு உரக்கக் கத்துகிறது. கேட் (உருகிய பாலிமர் அச்சுக்குள் நுழையும் வாய்) அருகே தெரியும் நெருக்கமான பட்டைகளைத் திட நிலை மாறிலியால் வகுத்து "25 மெகாபாஸ்கல் இழுவை" என்று எழுதியவர்கள் நிறையப் பேர். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1930களிலேயே பொறியாளர்கள் இந்தப் பண்பை வேண்டுமென்றே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். பிசின் மாதிரியைச் சூடாக்கிப் பாரம் ஏற்றி, பாரத்தோடே குளிர்வித்து, பிறகு பாரத்தை எடுப்பார்கள். பட்டைகள் உறைந்து நிற்கும். சீவல் சீவலாக அறுத்தாலும் கலையாது. தகைவு உறைவிப்பு முறை என்று அதற்குப் பெயர். பாரமே இல்லாத பொருளில் பட்டைகள் நிற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அவர்களுக்கு வரமாக இருந்தது நமக்குச் சாபமாக வாய்த்திருக்கிறது.

பிரித்தறிய நான் செய்வது இதுதான். ஒரே தொகுதியில் வந்த இரண்டு பாகங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை அப்படியே அளந்து வைத்துவிட்டு, மற்றதைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு (பாலிமர் விறைப்பு நீங்கி இளகத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே அனீலிங் செய்கிறேன், அதாவது சூட்டில் வைத்திருந்து மெதுவாக ஆறவிடுகிறேன். பாலிகார்பனேட்டுக்கு அந்த வெப்பநிலை 150 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே. ஆகவே 120 முதல் 125 வரை. அக்ரிலிக்குக்கு 80 போதும். சில மணி நேரத்தில் தகைவின் பெரும்பகுதி தளரும். திசையமைவு ஏறக்குறைய அப்படியே தங்கும். முன்னும் பின்னும் எடுத்த பின்னடைவுகளின் வேறுபாடுதான் தகைவுக்குரிய பங்கு. அந்த வேறுபாட்டை மட்டும் திட நிலை மாறிலியாலும் தடிமனாலும் வகுக்கலாம்.

அனீலிங்குக்கு முன்னும் பின்னும் பாகத்தின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஓட்டத் திசையில் கண்டபடி சுருங்கியிருந்தால் வெப்பம் எல்லை தாண்டிவிட்டது. சங்கிலிகளும் சுருண்டுகொள்ளத் தொடங்கிவிட்டன. அந்த அளவீட்டை ஒதுக்கிவிடுங்கள்.

சூளை கைவசம் இல்லையென்றால் உடன்பிறப்புப் பாகத்தில் மெல்லிய வெட்டு ஒன்று போடுங்கள். வெட்டின் இரு கரைகளிலும் பட்டைகள் நகர்ந்தால் அங்கே தகைவு இருந்தது. ரம்பம் கடந்துபோன பின்னும் எதுவும் நடக்காததுபோல் பட்டைகள் நின்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது திசையமைவை. வெட்டும்போது சூடு ஏறக் கூடாது. ரம்பத்தின் சூட்டில் கரை உருகி உறைந்தால் புதிய தகைவை நீங்களே நட்டு வைத்ததாகிவிடும்.

அனீலிங்குக்குப் பின் வண்ணம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். சூளையைத் திறந்து சூடான பாகத்தை மேசையில் வைத்துவிட்டால் விரைந்த குளிர்ச்சியில் புதிய தகைவு பிறக்கும். சூளையை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள்.

மெதுவாக ஆறவிட்டும் கூடியதா? பொருள் பாலிஸ்டைரீனாக இருந்தால் பதற வேண்டாம். அதில் ஓட்டத் திசையிலான இழுவைத் தகைவு ஒரு குறியோடும் திசையமைவு எதிர்க்குறியோடும் வருவதால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்திருக்கும். தகைவு தளர்ந்ததும் திசையமைவு தனித்து முழுமையாகத் தெரிகிறது. முன்னர் கருப்பாக இருந்த இடம் சுத்தமான இடமாக இருக்கவில்லை என்பதே இதன் செய்தி.

பட்டைகள் எண்ண முடியாமல் வெளிறிவிட்டன

பின்னடைவு ஒரு முழு அலைநீளம் கூடும்போதெல்லாம் பட்டையின் வரிசை எண் ஒன்று கூடும். வெள்ளை ஒளியில் சுழி வரிசைப் பட்டை மட்டுமே கருப்பு. முதல் வரிசையின் செவ்வூதா 575 நானோமீட்டரை ஒட்டி வரும். மூன்று, நான்கு வரிசைகளுக்கு மேல் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்து, பிறகு எல்லாம் கலந்து வெளிறிப்போகும். அங்கே ஒற்றை நிற ஒளி தேவை. ஆனால் ஒற்றை நிற ஒளியில் எல்லாக் கரும்பட்டைகளும் ஒன்றுபோலவே இருக்கும். எது சுழி, எது ஐந்து என்று அது சொல்லாது. ஆகவே இரண்டையும் பயன்படுத்துங்கள்: வெள்ளை ஒளியில் கருப்பைக் கண்டுபிடித்துப் புள்ளி வைத்து, விளக்கை மாற்றி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே செல்லுங்கள். பாகத்தில் எங்குமே சுழிப் பட்டை இல்லையென்றால் மூன்று அலைநீளங்களில் தனித்தனியே படித்து, மூன்றுக்கும் பொருந்தும் பின்னடைவைத் தேட வேண்டும்.

விளக்குக்கு லேசரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புள்ளிப் புள்ளியாகத் தெறிக்கும் இரைச்சல் மெல்லிய பட்டைகளை அழித்துவிடும். எல்இடியும் குறுகிய அலைவரிசை வடிகட்டியும் போதும். கேமராவில் தானியங்கி வெளிச்சத்தையும் தானியங்கி வெண்சமநிலையையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்திலும் கேமரா தன் இஷ்டத்துக்கு வண்ணத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்.

அளவு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது

கையால் பிடித்தீர்களா? பாலிகார்பனேட்டின் மீள்மைக் குணகம் 2400 மெகாபாஸ்கல் அளவிலும், வெப்ப விரிவு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 68 அளவிலும் இருக்கும். அண்டைப் பகுதிகள் முழுவதுமாகத் தடுத்து நிறுத்தினால் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 0.16 மெகாபாஸ்கல். 3 மில்லிமீட்டர் தடிமனில் அது 38 நானோமீட்டர். விரலின் சூடு நாலைந்து டிகிரி ஏற்றினால் நீங்கள் தேடும் எச்சத் தகைவையே விழுங்கிவிடும். பாகத்தை அறைக்குள் கொண்டுவந்து மேசையில் வைத்து, தேநீர் குடித்துவிட்டு வந்து அளந்துபாருங்கள்.

பிடிகருவியில் இறுக்குவதும் அதே தவறுதான். மூன்று புள்ளிகளில் சும்மா அமர்த்துங்கள்.

மணிக்கணக்கில், நாள்கணக்கில் நகர்ந்தால் வேறு காரணம். அச்சிலிருந்து வந்த முதல் நாளில் தகைவு வேகமாகத் தளரும். எப்போது வார்த்தது, எப்போது அளந்தது என்ற இரண்டு நேரங்களும் குறிப்பில் இருந்தாக வேண்டும். ஈரமும் விளையாடும். எபாக்ஸியில், பழைய வெட்டு விளிம்பை ஒட்டி மெல்லிய பட்டைகள் தானாக முளைக்கும். காற்றின் ஈரத்தை விளிம்பு உறிஞ்சி வீங்குவதன் அடையாளம் அது. அக்ரிலிக்கும் நீரில் கிடந்தால் எடையில் 2 சதவீதம்வரை குடிக்கும். விளிம்பில் மட்டும் மாற்றம், நடுவில் இல்லை என்றால் ஈரத்தைச் சந்தேகியுங்கள்.

ஆய்வியை எவ்வளவு சுழற்றியும் முழு இருட்டு கிடைக்கவில்லை

முதலில் ஒளியை உள்ளே விடும் துளையைச் சிறிதாக்குங்கள். பார்க்கும் பரப்புக்குள்ளேயே பின்னடைவு ஏறி இறங்கினால் ஒரு பகுதி இருளும்போது மற்றது ஒளிரும். அடுத்து, செனார்மான் முறையில் பாகத்தின் முதன்மைத் திசை தளவிளைவாக்கிக்கு 45 டிகிரியில் நிற்கிறதா என்று சரிபாருங்கள். கால் அலைத் தகடுகளை எடுத்துவிட்டு, பாகத்தைத் திருப்பி அந்தப் புள்ளி இருளும் நிலையைக் கண்டு, அங்கிருந்து சரியாக 45 டிகிரி திருப்ப வேண்டும். ஐந்து டிகிரி பிழைகூட நேர்மையான சுழியைக் கெடுத்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இருளவில்லையா? அப்படியானால் முதன்மைத் திசைகள் ஆழத்துக்கு ஆழம் சுழல்கின்றன. வளைந்த ஓட்டப்பாதை உள்ள வார்ப்புகளில் மேல்தோலும் உட்கருவும் வேறு வேறு திசையில் இழுபட்டிருக்கும். அப்போது ஒற்றைப் பின்னடைவு என்ற எண்ணே பொருத்தமற்றது. தாலினில் பணியாற்றிய ஹில்லர் ஆபென் வளர்த்தெடுத்த ஒருங்கிணைந்த ஒளிமீள்மை (ஒளிமீள்மை என்பது தகைவை இரட்டை விலகலால் அளக்கும் இந்தக் கலையின் பெயர்) இத்தகைய பாதைகளுக்கானது. அதில் ஒரு பின்னடைவோடு, உள்நுழையும் திசை, வெளிவரும் திசை என்று மூன்று அளவுகள் தேவை. அதற்கான வசதி இல்லாவிட்டால், அந்த இடத்தில் எண் தராமல் "திசை சுழல்கிறது" என்று எழுதுவதே நேர்மை.

எண் வருகிறது, ஆனால் எதிர்பார்ப்புக்கு இரண்டு மடங்கு, அல்லது நூலில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை

சரியாக இரண்டு மடங்கு என்றால் பின்னால் கண்ணாடி வைத்துப் பிரதிபலிப்பில் அளக்கிறீர்கள். ஒளி பாகத்தை இருமுறை கடக்கிறது. இரண்டால் வகுங்கள்.

இருபது, முப்பது சதவீதம் விலகினால் மாறிலியைக் குற்றம் சொல்ல வேண்டும். அட்டவணையில் உள்ள மாறிலி உங்கள் தரத்துக்கும், உங்கள் விளக்கின் அலைநீளத்துக்கும், உங்கள் அறை வெப்பநிலைக்கும் உரியது அல்ல. அதே பொருளில் அனீலிங் செய்த வட்டு ஒன்றை எடுத்து விட்டத்தின் குறுக்கே அமுக்குங்கள். மையத்தில் தகைவு வேறுபாடு, பாரத்தின் எட்டு மடங்கை விட்டம், தடிமன், பை மூன்றின் பெருக்கலால் வகுத்தால் கிடைக்கும். ஐந்தாறு பாரங்களில் பின்னடைவை அளந்து சாய்வை எடுங்கள். ஒற்றை அளவீடு போதாது. பாலிமர் பாரத்தின் கீழ் ஊர்ந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொரு பாரத்துக்குப் பிறகும் ஒரே அளவு நேரம் காத்திருந்து படிக்க வேண்டும். ஏஎஸ்டிஎம் டி4093 என்ற தரமுறை இந்த அளவீட்டுக்கென்றே எழுதப்பட்டது; முறையான அறிக்கை வேண்டுபவர்கள் அதன்படி போகலாம்.

இழுவையா அமுக்கமா என்ற குறி புரியாவிட்டால் பாகத்தின் கட்டற்ற விளிம்புக்குச் செல்லுங்கள். அங்கே விளிம்புக்குச் செங்குத்தான தகைவு சுழி. ஆகவே வேறுபாடு என்பதே விளிம்பு நெடுகிய தகைவு. விளிம்பை நகத்தால் உள்நோக்கி மெல்ல அழுத்துங்கள். பட்டை வரிசை ஏறினால் இழுவை, இறங்கினால் அமுக்கம். திசையமைவு கலந்திருக்கும் இடத்தில் இந்தச் சோதனையும் ஏமாற்றும்.

வளைந்த பாகத்தில் ஓரமெல்லாம் இருண்டு, வண்ணம் கலங்குகிறது

ஒளி மேற்பரப்பிலேயே வளைந்து திரும்பிவிடுகிறது. ஒளிவிலகல் எண் நெருங்கிய திரவத்தில் மூழ்கவையுங்கள். அக்ரிலிக்கின் எண் 1.49, கிளிசரின் 1.47, நன்றாகவே பொருந்தும். பாலிகார்பனேட்டுக்கு 1.585, பாலிஸ்டைரீனுக்கு 1.59, இங்கேதான் ஆபத்து. இந்த எண்ணுக்கு நெருங்கிய திரவங்களில் பல, அந்தப் பொருளையே தாக்கி விரிசல் விடவைக்கும். உதவாத துண்டு ஒன்றை வளைத்துக் கட்டி, திரவத்தில் ஓர் இரவு போட்டுப் பார்த்த பிறகே நல்ல பாகத்தை இறக்குங்கள்.

பாகம் பால்போல் வெண்மை, அல்லது கருப்பு நிறமி கலந்தது

கருநிறமி கலந்த பாகத்தில் ஒளி ஊடுருவாது. பாலிபுரொப்பிலீன் போன்ற அரைப்படிகப் பாலிமர்களில் ஒளி சிதறும், படிகங்களின் சொந்த இரட்டை விலகல் தகைவின் குரலை அமுக்கிவிடும். மெல்லிய படலத்தைத் தவிர மற்றவற்றில் இந்த முறையோடு மல்லுக்கட்டுவது வீண்.

சிலர் பாகத்தின் மேலே ஒளிமீள்மைப் பூச்சை (திரிபுக்கு ஏற்ப வண்ணம் காட்டும் தெளிவான பிளாஸ்டிக் படலத்தை) ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். தெரியாது. ஒட்டிய பிறகு ஏற்படும் திரிபு மாற்றத்தை மட்டுமே பூச்சு காட்டும். ஏற்கெனவே உறைந்திருப்பதை அது அறியாது. பூச்சின் வழியே சிறு துளையிட்டால் தகைவு விடுபட்டுத் துளையைச் சுற்றிப் பட்டைகள் எழும். ஆனால் துளை போட்ட பிறகு பாகம் சேதமுறாமல் அளந்தோம் என்று அறிக்கையில் எழுத முடியாது.